முதுகில் ஏறிய கேலிச்சித்திரம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் செப்புத் தகட்டில் கீறப்பட்ட ஓர் அரசியல் விகடச் சித்திரம், இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் ஓர் இளைஞர் அணிந்த ஹூடியின் முதுகில் உலா வருகிறது. அந்தச் சித்திரத்துக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அதை அணிகிறவர் அறிந்துகொள்ள வேண்டியது என்ன?

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, ஆண்டாள் சந்நிதியில் திருப்பாவைச் சேவை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிய குளிர்காற்றுக்கு ஒதுங்கித் தேரடியை அடுத்த ஒரு காபிக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னே நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் கறுப்பு நிற ஹூடி அணிந்திருந்தார். தொப்பிப் பகுதி பிடரியில் மடிந்து கிடக்க, அதற்குக் கீழே முதுகு முழுவதும் வெள்ளை மையில் ஒரு பழைய படம் அச்சாகியிருந்தது. ஒல்லியான நெடிய மனிதர் ஒருவரும், இறகு வைத்த பெரிய தொப்பிக்குள் பாதி மறைந்த குள்ளமான மனிதர் ஒருவரும், ஒரு மேஜையின் இரு புறமும் அமர்ந்து, பூகோள உருண்டையையே பலகாரமாகத் தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, உங்க முதுகில இருக்கிற படத்தில யாரு யாரு இருக்காங்கன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்கய்யா. பாக்க நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்” என்றார் அவர், சற்றுக் கூச்சத்தோடு.

நான் சொல்லத் தொடங்கியதும் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஹூடியைத் தலைவழியே கழற்றி, இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் படத்தை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தார். முதுகில் இருக்கும் சித்திரத்தை ஊரெல்லாம் பார்க்கிறது. அணிந்தவர் மட்டும் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அந்த ஒரு காட்சிதான்.

பலகாரமாய்ப் பரிமாறிய பூமி

அந்தச் சித்திரத்தை வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே என்ற ஆங்கிலேயர். அது பிரசுரமான ஆண்டு 1805. ஒல்லியான மனிதர் பிரிட்டிஷ் பிரதம மந்திரி வில்லியம் பிட். குள்ளமாகக் காட்டப்பட்டவர் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியன். நெப்போலியன் தமது வாளால் ஐரோப்பாவை அறுத்தெடுக்கிறார். பிட்டோ, நிதானமாக, கடலைத் தமக்கென்று பெருந்துண்டாக வெட்டிக்கொள்கிறார். நிலம் ஒருவருக்கு, நீர் ஒருவருக்கு என்று இரண்டு வல்லரசுகள் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்ட அக்காலத்து ராஜதந்திரம் முழுவதையும், இத்தனை சுருக்கமாகவும் இத்தனை துலாம்பரமாகவும் எடுத்துரைத்த சரித்திர நூல் ஒன்றை நான் வாசித்ததில்லை.

இவ்வளவையும் கேட்ட அந்த மாணவர், “நம்ம ஊரும் இந்த உருண்டையில இருக்காய்யா?” என்றார். மிகச் சிறந்த கேள்வி அது. படத்தில் முன்னே தெரிவன ஐரோப்பாவும் அட்லாண்டிக் மகாசமுத்திரமுமே. நம் தேசம் பார்வைக்கு எட்டாத மறுபுறத்தில் இருக்கிறது. ஆனால் கத்தியைப் பிடித்திருக்கும் அந்தப் பிட் என்பவர்தான், 1784-ஆம் ஆண்டில் தம் பெயரால் வழங்கும் இந்தியச் சட்டத்தை நிறைவேற்றி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஜாங்க விவகாரங்களைப் பிரிட்டிஷ் அமைச்சர்களின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தவர். சித்திரம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1801-இல், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாம் முறையாக வீழ்ந்தது. அதே ஆண்டில் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனியின் கைக்கு மாறியதும், திருநெல்வேலிச் சீமையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் அதன் ஆளுகைக்குள் வந்ததும் அந்த ஆண்டிலேதான். ஆகவே, வெட்டப்பட்ட பலகாரத்தின் ஒரு துண்டு நாமே. தன் பாட்டனாரின் நிலத்தைப் பங்கு போட்டவர்களின் உருவத்தை, யாரென்று அறியாமலே ஓர் இளைஞர் முதுகில் சுமந்து நடக்கிறார்.

கடை ஜன்னலிலிருந்து சட்டைக்கு

தொப்பி வைத்துத் தைத்த இந்தச் சட்டையை நூதனமென்று நம் பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். கோணிச் சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துச் செருகி, கொங்காணி என்று தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் வயலுக்குப் போன கரிசல் காட்டுக் குடியானவரை அவர்கள் மறந்துவிட்டார்கள். தலையையும் முதுகையும் ஒரே துணியால் காக்கும் யுக்தி உழைப்பாளிகளுக்கு எந்தத் தேசத்திலும் பழக்கமானதே. அமெரிக்காவிலும், 1930-களில், இவ்வகைச் சட்டை குளிர்பதனக் கிடங்குகளில் வேலை செய்தோருக்கும் விளையாட்டு வீரருக்கும் பயன்பட்டதாகவே சொல்லப்படுகிறது.

அரசியல் சித்திரம் துணியில் ஏறுவதும் புதிதன்று. கில்ரேயின் சித்திரங்கள் லண்டனில் கடை ஜன்னலில் தொங்கவிடப்பட்டன. காசு கொடுத்து வாங்க இயலாதவர்கள் தெருவில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி, மான்செஸ்டர் நகரத்தில், பிரதிநிதித்துவம் கோரித் திரண்ட ஏழை மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பலரை மாய்த்தபோது, அந்தக் கொடுமையின் சித்திரம் பருத்திக் கைக்குட்டைகளில் அச்சடிக்கப்பட்டது. அவற்றுள் சில இன்றும் அங்குள்ள காட்சிசாலைகளில் பாதுகாக்கப்படுகின்றன. நெசவாளிகளின் ஊரில், நெசவாளிகளின் துயரம், அவர்கள் நெய்த துணியிலேயே பதிந்தது. பிரான்சிலே, லூயி பிலிப் மன்னரின் முகத்தைப் படிப்படியாகப் பேரிக்காயாக மாற்றிக் காட்டினார் சார்ல் பிலிப்போன். பிறகு பாரிஸ் நகரத்துச் சுவர்களிலெல்லாம் பேரிக்காய் கிறுக்கப்பட்டது. ஜனங்களின் வரிப்பணத்தை வாய்வழியே விழுங்கும் பூதமாக அதே மன்னரை வரைந்த ஓனோரே தோமியே 1832-இல் சிறைவாசம் அனுபவித்தார். இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கேலிச்சித்திரத்தின் உயிர் அது வீதிக்கு வருவதில் இருக்கிறது. காகிதமோ சுவரோ துணியோ, அதை வீதிக்குக் கொண்டுவரும் வாகனமே.

பாரதியாரின் பத்திரிகையில்

தமிழ்நாட்டில் இந்தக் கலையை வீதிக்குக் கொண்டுவந்த பெருமை மகாகவி பாரதியாருடையது. 1906-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் அவர் அரசியல் கருத்துப் படங்களை இடைவிடாது வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகை உலகில் அது ஒரு புது யுகத்தின் தொடக்கம். வங்காளப் பிரிவினை, சுதேசி இயக்கம், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கப்பல், காங்கிரஸில் நிதானக் கட்சியாருக்கும் தீவிரக் கட்சியாருக்கும் மூண்ட பிணக்கு என்று, அந்நாளின் விவகாரங்களெல்லாம் அங்கே உருவம் பெற்றன. எழுத்தறிந்தவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து படிக்க, அறியாதவர் பலர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. செவி வழியே போன செய்தி கண் வழியேயும் போகட்டும் என்பது கவியின் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே நாம் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாரதியார் சித்திரத்தை மட்டும் பிரசுரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. அதன் உட்பொருள் இன்னது, யானை யார், பாகன் யார், வலையை விரித்தவர் யார் என்று விளங்கும்படி, படத்துக்கு விளக்கமும் தமிழில் எழுதினார். வாசகருக்குப் புதிதான ஒரு கலையை, வாசகரின் அறிவின்மேல் மரியாதை வைத்து, கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டினார். அதிகார வர்க்கம் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1908-இல் பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து பத்திரிகையைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையாதவாறு தடை போடப்பட்டபின், 1910-இல் நின்றது. அந்தச் சித்திரங்களைப் பல காலத்துக்குப் பின் தேடித் தொகுத்து நூலாக்கியவர் ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி.

எட்டயபுரத்தில் பிறந்த அந்தக் கவி தொடக்கிவைத்த மரபு, பிற்காலத்தில் ‘ஆனந்த விகட’னில் மாலியின் கோடுகளாலும், அவரைத் தொடர்ந்து கோபுலுவின் கோடுகளாலும் செழித்தது. தில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1948 முதல் 1975 வரை தமக்கென ஒரு வாரப் பத்திரிகையே நடத்தினார். பிரதம மந்திரி நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாமென்று அவரிடம் கேட்டுக்கொண்டது தேசத்தின் நல்ல ஞாபகங்களுள் ஒன்று.

நூலும் மையும்

சித்திரத்தின் கதை இவ்வாறிருக்க, அதைத் தாங்கும் துணியின் கதை இந்த வட்டாரத்து ராஜபாளையத்தில் தொடங்குகிறது. சுதேசி இயக்கத்தின் நாட்களில், திருநெல்வேலிச் சீமையின் பெரிய நூற்பாலைகள் ஹார்வி என்ற பிரிட்டிஷ் குடும்பத்தாரின் வசமிருந்தன. 1908-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றவர்கள் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1936-இல், பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தோற்றுவித்தார். அதன் பின்னர் ஊரைச் சுற்றி ஆலைகள் பெருகின. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. மூன்று ஷிப்டுகளிலும் கதிர் ஓடும் இந்த வட்டாரத்தில், பஞ்சு எப்படி நூலாகிறது என்பது சிறுவர்களும் அறிந்த விஷயம்.

நூல் திருப்பூர் போன்ற பனியன் நகரத்துக்குச் சென்று, பின்னப்பட்டு, உட்புறம் பஞ்சுபோல் மெத்தென்று சுரண்டிவிடப்பட்டு, ஹூடித் துணியாகிறது. அங்கே பிரிண்டிங் பட்டறைகளில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில், படத்தின் கோடுகள் விழ வேண்டிய இடத்தைத் திறந்தும் மற்ற இடத்தை மருந்து பூசி அடைத்தும் ‘ஸ்கிரீன்’ தயாரிக்கிறார்கள். அதைத் துணியின்மீது வைத்து, ரப்பர் பட்டையால் மையை ஓர் இழுப்பு இழுத்து, சூடு காட்டி உலர்த்துகிறார்கள். வெகு எளிய வேலையாகத் தோன்றும் இதில் ஒரு நுட்பமான இடர்ப்பாடு இருக்கிறது. கில்ரே போன்றவர்கள் நிழலைக் காட்ட, மயிரிழை போன்ற கோடுகளை நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்தார்கள். காகிதத்தில் துல்லியமாக விழும் அந்தக் கோடுகள், கனத்த பின்னல் துணியில் மை பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே படத்தைத் துணிக்கு ஏற்பத் திருத்தும்போது மெல்லிய கோடுகளை எடுத்துவிடுகிறார்கள். முன்புறத்தில் அச்சிட்டால் வயிற்றுப் பையின் தையலுக்குமேல் படம் நின்றுவிட வேண்டும். பின்புறத்திலோ, மடிந்து தொங்கும் தொப்பிக்குக் கீழேதான் தொடங்க முடியும். இடம் குறைந்து, கோடு தடித்து, கடைசியில் முதலாவதாகப் பலியாவது எது தெரியுமா? படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வாசகமும், வரைந்தவர் பெயரும், ஆண்டும்.

அந்த மாணவரின் ஹூடியிலும் அவை இல்லை. இரண்டு மனிதரும் ஓர் உருண்டையும் மாத்திரம் எஞ்சியிருந்தார்கள். விளக்கம் இழந்த கேலிச்சித்திரம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது; எந்த அதிகாரத்தைச் சுடுவதற்காகப் பிறந்ததோ அந்த நெருப்பு அவிந்து, சாம்பலின் வடிவம் மட்டும் அழகாக நிற்கிறது. இதில் பட்டறைத் தொழிலாளியின் குற்றம் யாதொன்றும் இல்லை. கேட்பார் இல்லாததால் வாசகம் விடப்படுகிறது. கேட்டால், சற்றுப் பெரிய எழுத்தில், கையின் மணிக்கட்டுப் பக்கத்திலோ பையின் மேலோ, அதே பட்டறையில் அதையும் அச்சிட்டுத் தர முடியும்.

முத்திரையும் சித்திரமும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அரசியல் சித்திரத்துக்கும் மற்றொரு வகையிலும் உறவு உண்டு. தமிழக அரசின் முத்திரையில் விளங்கும் கோபுரம் இந்த ஊர்க் கோபுரமே என்று பரவலாகக் கருதப்படுகிறது. மதுரை ஓவியர் கிருஷ்ணா ராவ் வரைந்த அச்சின்னம் அரசாங்கத்தின் காகிதந்தோறும் தலைமேல் நிற்கிறது. ஓர் அரசு தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்புகிறதோ, அந்தக் கம்பீரமான வடிவம் முத்திரை. அதே அரசைக் குடிகள் எவ்வாறு காண்கிறார்களோ, அந்த வடிவம் கேலிச்சித்திரம். ஜனநாயகத்துக்கு இரண்டும் அவசியம். முத்திரை மாத்திரம் இருந்து சித்திரம் இல்லாத நாட்டில் குடிகள் வாய் மூடியிருக்கிறார்கள் என்றே பொருள்.

இதை இந்த வட்டாரம் அனுபவத்தால் அறியும். ராஜபாளையத்தில் பிறந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த உத்தமர். அப்படிப்பட்டவரையும் 1952 பொதுத்தேர்தலில், பதவியில் இருக்கும்போதே, சொந்த வட்டாரத்து வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் காமராஜர். அகன்ற தோளும், முழங்கை வரை இறங்கிய கதர்ச் சட்டையும், தோளில் துண்டும், அடர்ந்த மீசையுமாகக் கேலிச்சித்திரக்காரர்களுக்கு அவரைப்போல வாய்த்த உருவம் வேறில்லை. பத்துக் கோடுகளில் அவரை நாடு அடையாளம் கண்டுகொண்டது. 1967-இல் விருதுநகரில் அவரையும் தோற்கடிக்க மக்கள் தயங்கவில்லை. பெரியோரை மதிப்பதும், அவர்களைக் கேள்வி கேட்பதும், ஒன்றுக்கொன்று விரோதமான குணங்கள் அல்ல என்பதற்கு இந்த மண்ணே சாட்சி.

ஆனால் அதிகாரம் எப்போதும் அவ்வளவு பெருந்தன்மையோடு நடந்துகொண்டதில்லை. 1987-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் பரிகசித்து ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வெளிவந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழவே சில தினங்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் நீதிமன்றத்துக்குச் சென்றார். 1994-இல் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாதென்று கூறி, அடையாள நஷ்டஈடாக ஆயிரம் ரூபாய் அளிக்கப் பணித்தது. சுதந்திரம் பெற்று நாற்பது ஆண்டுகள் ஆன பின்பும், ஒரு படமும் இரண்டு வரியும் சிறைக்கு வழி காட்டின. துணியில் ஏறும் சித்திரத்தை நாம் விளையாட்டாகக் கருதலாகாது என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

அறிந்து சூடுவோம்

அணிவதென்பது என்ன என்று உலகுக்குக் காட்டிய ஊர் இது. பெருமாளுக்கென்று தந்தை தொடுத்த மாலையைத் தானே சூடிப் பார்த்து, கிணற்று நீரில் அழகு கண்டு, பின்பு கொடுத்தனுப்பிய கோதை என்னும் ஆண்டாளின் சரிதையை இங்கே அறியாதவர் இல்லை. அவள் சூடியதால் மாலைக்கு மதிப்புக் கூடியது. ஏனெனில் எதைச் சூடுகிறோம், யாருக்காகச் சூடுகிறோம் என்பதை அவள் பூரணமாக அறிந்திருந்தாள். அறிந்து அணிவது வேறு. அகப்பட்டதை மாட்டிக்கொள்வது வேறு.

ஆகையால், நம் ஊர் நூலில் நம் நாட்டுப் பட்டறையில் தயாராகும் ஹூடியில், பாரதியாரின் ‘இந்தியா’ வெளியிட்ட கருத்துப் படங்களை அச்சிடலாமே என்பது என் விண்ணப்பம். அவற்றைப் பிரசுரிக்கச் சட்டத்தின் தடையும் இல்லை. நமது பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரின் ஆயுளுக்குப் பின் அறுபது ஆண்டுகளும், பெயர் குறிப்பிடாத படைப்பானால் வெளியான நாளிலிருந்து அறுபது ஆண்டுகளுமே காப்பளிக்கிறது. வரைந்தவர் பெயர் குறிப்பிடாமல் ஒரு நூற்றாண்டுக்கு முன் வெளியான பத்திரிகைச் சித்திரங்கள் இன்று பொதுச் சொத்து. ஆனால் 1989-இல் மறைந்த சங்கரின் படங்களுக்கும், 2015-இல் மறைந்த ஆர். கே. லட்சுமண், கோபுலு ஆகியோரின் படங்களுக்கும் உரிமை இன்னும் பல்லாண்டு நிலைத்திருக்கும். அவற்றை அனுமதியின்றி அச்சிட்டு விற்பது கலைஞரின் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி.

பள்ளி கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் ஒருவர் இத்தகைய சட்டையோடு வகுப்புக்கு வந்தால், கண்டிப்பதற்குமுன் அதிலுள்ள படத்தை அனைவரும் பார்க்கும்படி விரித்துக் காட்டச் சொல்லி, அன்றைய சரித்திர பாடத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.

வாங்குகிற இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது மூன்றே கேள்விகள்: படத்தில் இருப்பவர் யார்? வரைந்தவர் யார்? எந்த ஆண்டு? கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் நூலகத்தில் தேடிப் பாருங்கள், தெரிந்துகொண்டபின் அணியுங்கள். தெருவில் யாரேனும் நிறுத்திக் கேட்டால், நின்று பதில் சொல்லுங்கள். பாரதியார் தம் பத்திரிகையில் சித்திரத்துக்குக் கீழே எழுதிய விளக்கத்தை, இனி நீங்கள்தான் வாயால் சொல்ல வேண்டும்.